காரம் ஏறுவதற்கு முன்

மைசூரில் ஒரு மசாலாக் கம்பெனியின் ருசி அறையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். அந்த அறையை இப்போது மூடிவிட்டார்கள். எனக்குப் பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த காவ்யா, செய்தியைச் சொல்ல மண்டி மொஹல்லாவில் இருக்கும் என் வீட்டுக்கே வந்தாள். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சந்து தள்ளி நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், அந்த ரூம்ல இனி மீட்டிங் ஹால் வருது. காரத்த மெஷினே சொல்லிடுது பாருங்க. சுவத்துல ஒரு போர்டு வெக்கறாங்க. நீங்க ஒரே ஒரு லைன் எழுதிக் குடுத்தா சாக்கு, அதுவே போதும். உலகத்துலயே நம்பர் ஒன் மெளகாய் எது?"

"எதுல நம்பர் ஒன்?"

"காரத்துல, மேடம்."

"அத மெஷின்கிட்டயே கேளு. என்னை எதுக்குக் கேக்கற?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு வரி எழுதித் தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

மிளகாயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். கப்பலேறி வந்த கதை, போர்த்துக்கீசியர் கதை, எந்த மிளகாய் எந்த மிளகாயைக் காரத்தில் முந்தியது என்ற பட்டியல், எல்லாம் உண்டு. அவை எப்படி ருசிக்கும் என்று எழுதியவர்கள் குறைவு. கடித்தவர்கள் எல்லோரும் காரத்தைச் சொல்லிவிட்டு ஓடிப்போகிறார்கள். காரம் ருசி அல்ல. அது வலி. வலியை எந்திரம் அளக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ருசியை அளந்துவிட்டோம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கடுங்கார மிளகாய் எதுவானாலும் நாக்கில் பட்டவுடன் காரம் வருவதில்லை. ஓரிரண்டு மூச்சுக்கு இடம் கிடைக்கும். மிளகாய் தான் யார் என்று சொல்வது அந்த இடத்தில்தான். காந்தாரிக்கு அந்த இடம் மிகக் குறுகியது. பிஞ்சு அவரையின் காம்பை ஒடித்தது போன்ற பச்சை வாசம், உடனே நாக்கு நுனியில் ஊசி. ஆனால் வந்த வேகத்தில் போய்விடும். ஹபனேரோ பழுத்த பலாச்சுளையையும் நார்த்தங்காய்த் தோலையும் சேர்த்து முகர்ந்தது போல இருக்கும், காரம் அண்ணத்தில் உட்காரும். கரோலினா ரீப்பர் மிட்டாய்போல் இனிப்புக் காட்டி ஏமாற்றும். இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு, அதன் பின் வாய் முழுவதும் ஒரே நேரத்தில் எரியும். எங்கே எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத மிளகாய் அது ஒன்றுதான். எனக்கு அதன்மேல் மரியாதை இல்லை. நாகா மிளகாய் வேறு சாதி. கனிந்த கொய்யா முதலில், அதன் அடியில் பாகு பதம் தாண்டும் நேரத்து வெல்லத்தின் மணம். இரண்டையும் நிதானமாகக் காட்டிவிட்டு, தொண்டையில் தொடங்கி காதுவரை மெல்ல ஏறும். காட்டித் தருவதில் அது தாராளம், தண்டிப்பதில் தாமதம்.

இந்த வித்தியாசங்களைக் கற்க எத்தனை காலம் ஆயிற்று என்று விரித்துச் சொல்லப் போவதில்லை. முதலில் சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர். பிறகு நிறத்துக்குப் பேர் போன ப்யாடகி, காரத்துக்குக் குண்டூர். கடைசியாகத்தான் இந்தக் கடுங்காரங்கள். சொல்ல வேண்டியது அறையின் ஒழுங்கைப் பற்றியும் அதை நடத்திய ரங்கநாயகி மேடத்தைப் பற்றியும்.

மேல்கோட்டை வழிவந்த ஐயங்கார் குடும்பம். "எங்காத்துல இன்னிக்கும் மிளகுதான். மிளகாய்கிட்ட எனக்குப் பாசம் கிடையாது. அதனாலதான் என்னை இந்த நாற்காலில உக்காத்தி வெச்சிருக்கா" என்பார். அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பொடியின் நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று பக்கம் தோள் உயரத்துக்குப் பலகை அடைத்த ஒரு மூலை. பொடியை எண்ணெயில் ஊறவைத்து, சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, பெயரில்லாத எண் ஒட்டிய கோப்பைகளில் அவரே ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். வைக்கும்முன் ஒவ்வொரு கோப்பையின் விளிம்பையும் துணியால் துடைப்பார். உறிஞ்ச வேண்டும், வாயில் வைத்திருக்க வேண்டும், துப்ப வேண்டும், எழுத வேண்டும். அடுத்த கோப்பைக்கு முன் குளிர்ந்த பால், உப்பில்லாத பொரி, பிறகு வாய் வெறும் வாயாகும்வரை காத்திருப்பு.

"எப்படி இருக்கு?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார். நாக்கு நுனியிலா, ஓரத்திலா, தொண்டையிலா? முகம் சுளித்தவரை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். "உன் மூஞ்சியைப் பாத்துத் துணைக்கு நாலு பேர் சுளிப்பா. வெளில போய்ச் சுளிச்சிண்டு வா" என்பார், குரலை உயர்த்தாமல்.

கம்பெனி நாகா மிளகாயை அசாம் வியாபாரிகளிடம் வாங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்திலேயே பயிரிட்டுப் பார்க்கலாம் என்று ஹனூர் தாலுகாவில் சில குடும்பங்களுக்கு நாற்றுக் கொடுத்தார்கள். கௌதள்ளியில் அதை எடுத்து நடத்தியவர் மாதம்மா. நான் பிறந்த ஊர் கௌதள்ளி. மாதம்மா எனக்குத் தூரத்து உறவும்கூட. இதை நான் கம்பெனியில் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

இந்தக் கதையை இப்போது சொல்பவர்கள் தசராவுக்கு முன்னால் நடந்ததாகச் சொல்கிறார்கள். தவறு. ஊர்வலம் முடிந்து, சாலையோரத்தில் கட்டியிருந்த தடுப்புக் கம்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மாதம்மாவின் முதல் லோடு வந்தது. தேதியைத் தவறவிட்டால் மழையைத் தவறவிடுவோம். அந்த வருடம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்து, விடாமல் பெய்துகொண்டிருந்தது. நடந்ததெல்லாம் அந்த மழையால் நடந்தது.

எந்திரம் காரம் சரி என்றது. மறுநாள் கோப்பைகள் எங்கள் முன் வந்தன. எது எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. நான் உறிஞ்சினேன். கொய்யா வந்தது. வெல்லம் வந்தது. காரம் ஏறுவதற்கு முன், இரண்டுக்கும் நடுவே, வேறொன்றும் வந்தது. ஈர மூங்கில், பிளீச்சிங் பவுடர், அவற்றின் அடியில் பட்டுப்புழுக் கூட்டின் வாடை. பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் பிறந்து வளர்ந்த மூக்கு அதை மறக்காது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் ஊர் மிளகாய்.

என்ன எழுதுவது? ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாம். அருகில் இருந்தவர்கள் 'மருந்து வாசம்', 'பழைய கயிறு' என்று ஏதோ எழுதினார்கள் என்று பின்னர் தெரிந்தது. நான் 'சந்திரிகை' என்று எழுதினேன். புழு கூடு கட்டுவதற்காக வைக்கும் வட்டமான மூங்கில் தட்டு அது.

மேடம் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். கொள்முதல் மேனேஜர் நாகராஜ் சார் அதற்கு முன்பே மனதில் முடிவு கட்டிவிட்டார். அவருக்கு இந்தச் சாகுபடி ஏற்பாடே பிடிக்கவில்லை. ஊர் ஊராக அலைவதைவிட வியாபாரியிடம் ஒரு போன் போட்டு வாங்குவது அவருக்குச் சுலபம். 'ரகம் குறைபாடுள்ளது, சாகுபடியை நிறுத்தலாம்' என்று அறிக்கை அடித்துக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார்.

"ஏனம்மா, வாசனை கெட்டிருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க? சைன் பண்ணுங்க."

"வாசனை கெட்டிருக்குன்னு எழுதினேன் சார். ரகம் கெட்டிருக்குன்னு எழுதலை."

"எரடும் ஒந்தே. மண்ணு சரியில்ல, விதை கலந்துடுச்சு, ஏதோ ஒண்ணு."

"ரெண்டும் ஒண்ணு இல்ல. காயப்போட்ட இடத்து வாசம் அது. செடில இருந்து வந்தது இல்ல."

"கௌதள்ளி உங்க ஊருதானே, ஹௌதா?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார். அதுதான் எரிந்தது.

"ஆமா சார். அதனாலதான் என்ன வாசம்னு எனக்குத் தெரிஞ்சுது. உங்க ஊரா இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எழுதியிருப்பீங்களான்னு எனக்குத் தெரியாது."

பேனாவை மூடி அவர் முன் வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய். வேலை போகக் கூடாது என்றும் நினைத்தேன், கையெழுத்துப் போடக் கூடாது என்றும் நினைத்தேன். நான் போடாமல் விட்டால் எனக்கு ஒரு கெட்ட பெயர். போட்டால் அத்தனை குடும்பமும் செடியைப் பிடுங்க வேண்டும்.

மேடம் அறிக்கையை ஓரமாக நகர்த்தினார். "சோதிச்சுப் பாத்துடலாம் நாகராஜ். அதே செடில பழம் பறிச்சு, நம்ம கரண்ட் அடுப்புல உலத்தி, இதோட வெச்சுப் பாக்கலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ உக்காரப்படாது."

"மேடம், நாகாவுக்கு என்னைவிட..."

"தெரியும். உன் நாக்குமேல சந்தேகம் இல்லை. நீ உக்காந்தா முடிவுமேல சந்தேகம் வரும். இந்தச் சோதனைன்னு இல்லை, உங்க ஊர் லோடு எப்போ வந்தாலும் நீ வெளிலதான்."

அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் நாகராஜ் சார்மேல்கூட வரவில்லை.

கௌதள்ளிக்கு ஜீப்பில் போனோம். மேடம் குடிதண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். கொள்ளேகாலம் தாண்டியதும் மழை கொஞ்சம் விட்டது. மாதம்மா வாசலிலேயே நின்றிருந்தார். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"வா அம்மிணி. எம்பட மொளகா நாறுதுன்னு எளுதிக் குடுத்தயாமா? மைசூரு போனா மூக்கு நீண்டுபோவுமா?"

"நாறுதுன்னு எழுதலைங்கக்கா. சந்திரிகை வாசம் வருதுன்னுதான் எழுதினேன்."

"சந்திரிகைல காயப்போட்டா சந்திரிகை வாசம் வராம மல்லியப்பூ வாசமா வரும்?"

அவரே சொல்லிவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் அவருக்கு அது ஒப்புதல் அல்ல, வாதம். "மளெ உடவே இல்ல. வாசல்ல போட்டா பூசணம் புடிக்கும். வூட்டுக்குள்ள அடுப்புப் பொகெ. இந்த வூட்டுலயே சுத்தமான எடம் புளு வூடுதான். எம் புருசனக்கூடக் கால் களுவாம உள்ள உடமாட்டேன். தரைக்கு மருந்து போட்டுக் களுவி, சந்திரிகையக் களுவி, அதுல பரப்புனேன். உங்க கம்பெனி மொளகாய்க்கு எம்பட புளுவுக்குக் குடுக்கற மரியாதையக் குடுத்தேன். அது குத்தமா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் ஊரில் புழு வீட்டைவிடத் தூய்மையான இடம் கிடையாது. செருப்பு, புகை, எண்ணெய் வாசம் எதுவும் உள்ளே போகாது. வேறு எந்த ஊர்க்காரர்கள் ஆனாலும் மிளகாயைத் திண்டாட்டத்தில் எங்காவது கொட்டியிருப்பார்கள். பட்டு வளர்ப்பவர்கள் மட்டுமே அதை வீட்டின் மிகச் சிறந்த அறைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தச் சுத்தமே மிளகாயில் ஏறிவிட்டது.

"குத்தமே இல்லை அம்மா. மிளகாய் பக்கத்துல இருக்கற வாசனையை எல்லாம் இழுத்துக்கும். அது உங்களுக்கு யாரும் சொல்லலை. எங்களவா வந்து சொல்லியிருக்கணும்" என்றார் மேடம்.

மாதம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாமி, நீங்க மொளகா திம்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன எப்படி நல்லது கெட்டது சொல்லுவீங்க?"

"நான் சொல்லமாட்டேன். சொல்றவாளை ஒழுங்கா உக்காத்தி வெப்பேன்."

மாதம்மாவுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது போலிருக்கிறது. கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். எந்தச் செடியில் எந்தப் பழம் என்று மேடம் காட்ட, அவர் பறித்துப் போட்டார். பழத்தைத் தொட நான் கை நீட்டியபோது மேடம் கூடையை நகர்த்திவிட்டார்.

சோதனை இரண்டு பாகமாக நடந்தது. முதலில் மூன்று கோப்பைகள். இரண்டில் புழு வீட்டில் உலர்ந்தது, ஒன்றில் அதே செடியின் பழத்தை எங்கள் அடுப்பில் உலர்த்தியது. வேறாக இருப்பது எது என்று நான் இல்லாத ருசிக் குழு கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, இன்னும் மூன்று கோப்பைகள். அடுப்பில் உலர்த்திய கௌதள்ளி மிளகாய் ஒன்று, எங்கள் கிடங்கில் இருந்த அசல் அசாம் மிளகாய் இரண்டு. இதில் வேறாக இருப்பது எது என்று குழுவால் கண்டுபிடிக்க முடியாமல் போக வேண்டும். முதலாவதில் வித்தியாசம் தெரிந்து, இரண்டாவதில் தெரியாமல் போனால்தான் ரகம் தப்பிக்கும்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நாகராஜ் சாரும் அங்கேதான் இருந்தார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

"டென்ஷனா?"

"இல்ல சார். கோவம்."

"என்மேலயா?"

"ஒங்கமேலயும்."

கதவு திறந்தது. மேடம் இரண்டு கட்டுச் சீட்டுகளோடு வந்தார். முதல் சோதனையில் குழு கிட்டத்தட்ட ஒரே குரலில் ஒற்றைக் கோப்பையைப் பிடித்துவிட்டது. இரண்டாவதில் ஆளுக்கொரு கோப்பையைக் காட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும், 'மூன்றும் ஒன்று, என்னை விடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

நாகராஜ் சார் சீட்டுகளை நிதானமாகப் பார்த்தார். "சரி. சாகுபடி நடக்கட்டும். ஆனா அந்த முதல் லோடு?"

மேடம் என்னைப் பார்த்தார். ருசி பார்க்கத்தான் எனக்குத் தடை, வராந்தாவில் வைத்துக் கருத்துச் சொல்வதற்கு இல்லை. ஊரில் மாதம்மா என்ன கேட்பார், என் பெரியப்பா மக்கள் என்ன சொல்வார்கள் என்று எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"அத எடுக்கக் கூடாது சார். மிளகாய் நல்லது, சரக்கு கெட்டுப்போச்சு."

"நீங்களே சொல்றீங்களா?"

"நான்தானே முதல்லயும் சொன்னேன்."

அந்த லோடு திரும்பிப் போனது. ஒரு பகுதியை கோபிநத்தம் பக்கத்துக் காட்டோரத் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். யானை வரும் வழியில் சாணத்தோடு மிளகாயைச் சேர்த்துப் புகைபோட அது உதவியது. காரத்தின் எண் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். எண் போதுமான இடங்களும் உண்டு. யானை கொய்யா வாசத்தைத் தேடி வந்து நிற்காது. சாப்பிடுவது மனிதர்கள் என்றால் எண் போதாது. மாதம்மா அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது எதிரே வந்தவர் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதாக நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு முன் கம்பெனி ஆட்கள் போய், மழைக்குத் தாங்கும் பிளாஸ்டிக் கூரையும் வலைத் தட்டும் போட்டுக் கொடுத்தார்கள். லோடு வந்தது. விதிப்படி நான் வெளியே. குழு ருசித்தது, எடுத்துக்கொண்டார்கள். மாதம்மா லாரியோடு வந்திருந்தார். மதியம் கேட் பக்கம் லாரி நிழலில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் பேசினார்.

"எப்படி இருந்துச்சு எம்பட மொளகா?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா. உங்க லோடுக்கு என்னை உள்ள விடமாட்டாங்க."

"அட பாவமே. ஊரான் மொளகாய்க்கு நாக்கு, எம்பட மொளகாய்க்கு நாக்கு இல்லயா? உக்காரு. களியும் தயிரும் கொண்டாந்திருக்கேன்."

தயிரில் அந்த லோடின் உலர்ந்த நாகா மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டார். நாங்கள் வேலை நாளில் சாயங்காலம்வரை மிளகாய் தின்னக் கூடாது. தின்றால் அன்றைக்கு நாக்கு உதவாது. மதியத்துக்கு மேல் எனக்கு இன்னும் ஒரு வரிசைக் கோப்பைகள் இருந்தன. ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய், அரைநாள் விடுப்பு எழுதி மேடத்திடம் நீட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'சாப்பாடு' என்று போட்டிருந்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கீழே லாரியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

கீழே வந்து மாதம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து களியைத் தயிரில் தோய்த்து வாயில் வைத்தேன். கொய்யா. வெல்லம். நடுவே எதுவும் இல்லை.

"சந்திரிகை போயிடுச்சுங்கக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நீ சொல்லணும்னுதான் லாரி ஏறி வந்தேன்" என்று இன்னொரு உருண்டையை என் கையில் வைத்தார். காரம் அதன் பிறகுதான் ஏறத் தொடங்கியது.